பயிற்சி யாருக்கு, பணம் யாருக்கு?

2025 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் நடந்த திரைப்படக் கொள்கை மாநாட்டின் நிறைவு விழாவில் இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணன் ஒரு யோசனை சொன்னார். பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்களுக்கும் பெண் இயக்குநர்களுக்கும் கேரள அரசு படமெடுக்கத் தரும் 1.5 கோடி ரூபாய் அதிகமாம். அதைப் பிரித்துக் கொடுக்க வேண்டுமாம். பணம் கொடுக்கும் முன் குறைந்தது மூன்று மாதம் தீவிரப் பயிற்சி தர வேண்டுமாம். பாடகர் புஷ்பவதி அரங்கிலேயே எழுந்து எதிர்த்தார்.

“பயிற்சி நல்லதுதானே, இதில் சாதி எங்கே வந்தது?” என்று கேட்கிறார்கள். பயிற்சி நல்லதுதான். ஆனால் அப்பா தயாரிப்பாளர் என்பதாலேயே கேமரா முன்னும் பின்னும் வந்து நிற்கும் வாரிசுகளிடம் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. அவர்கள் கோடிகளைத் தொலைத்தால் அதற்குப் பெயர் ‘அனுபவம்’. நம் கைக்குப் பணம் வரும்போது மட்டும் ‘தகுதி’ நினைவுக்கு வருகிறது.

அடூரே பொதுப்பணத்தில் வளர்ந்தவர்தான். 1962இல் புனே திரைப்படக் கல்லூரியில் சேர்ந்து அரசு உதவித்தொகையில் படித்தார். முதல் படமான ‘சுயம்வரம்’ (1972) அரசின் திரைப்பட நிதிக் கழகக் கடன் உதவியோடு உருவானது. அதில் தவறில்லை, அரசு செய்ய வேண்டிய வேலை அது. தான் ஏறிய ஏணியில் அடுத்தவர் கால் வைக்கும்போது அது ஆடுகிறது என்று கத்துவதுதான் தவறு.

சரி, பயிற்சிக்கே போகிறோம் என்றால் கதவு திறந்திருக்கிறதா? அடூர் தலைவராக இருந்த கோட்டயம் கே.ஆர். நாராயணன் திரைப்படக் கல்லூரியில் 2022 டிசம்பரில் மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சேர்க்கையில் இடஒதுக்கீட்டைக் கவிழ்த்தார், துப்புரவுப் பெண் பணியாளர்களை வீட்டு வேலைக்கு வைத்தார் என்று கல்லூரி இயக்குநர் மீது குற்றம் சாட்டினார்கள். அடூர் அந்த இயக்குநர் பக்கம் நின்றார். 2023 ஜனவரியில் இயக்குநர் பதவி விலகினார், அடூரும் விலகினார். ஒரு பக்கம் ‘பயிற்சி பெற்று வா’ என்கிறார்கள், இன்னொரு பக்கம் பயிற்சிக்கூட வாசலில் காவல் நிற்கிறார்கள்.

இது கேரளத்துக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். கோவில்பட்டி பக்கத்து இடைசெவலுக்கு வாருங்கள். கி. ராஜநாராயணன் பிறந்த ஊர். பள்ளிப்படிப்பையே முடிக்காத அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் அழைத்துப் பேராசிரியராக உட்கார வைத்தது. கரிசல் மக்களின் பேச்சே அவருக்குக் கல்வி என்று ஒப்புக்கொண்டது. சரியான முடிவு. ஆனால் அவர் நிலமுள்ள சாதியில் பிறந்தவர். அதே கரிசலின் சேரியில் இருந்து வரும் இளைஞனின் அறிவுக்கு இந்த மரியாதை கிடைக்குமா? அவனுடைய பேச்சும் தெருவும் படத்துக்கு வேண்டும். அவன் மட்டும் கூட்டத்தில் நிற்கவும் லைட் தூக்கவும் போதும்.

இந்த மண்ணிலேயே பதில் இருக்கிறது. கூட்டுறவுத் துறையில் வேலை பார்த்த எழுத்தாளர் பூமணி, தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகள் கருகுவதை ‘கருவேலம்பூக்கள்’ என்று படமாக்கினார். பணம் போட்டது மத்திய அரசின் என்.எஃப்.டி.சி. நம்பிக் கொடுத்த பொதுப்பணம் வீணாகவில்லை.

தமிழ் சினிமாவில் பயிற்சி என்பது பெரும்பாலும் உதவி இயக்குநராக வருடக்கணக்கில் சம்பளமில்லாமல் அலைவது. சென்னையில் வாடகை கட்ட வீட்டில் காசு இருப்பவன் தாங்குவான். கூலிக்காரன் பிள்ளை இரண்டாவது வருடம் ஊர் திரும்புவான். அரசின் எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரி தரமணியில், இடைசெவலிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் மேல். பா. இரஞ்சித்தின் கூகை நூலகம் போன்ற முயற்சிகள் நம்பிக்கை தருகின்றன. ஆனால் அரசு செய்ய வேண்டியதைத் தனி மனிதர்கள் எத்தனை நாள் சுமப்பார்கள்?

ஆகவே பயிற்சியை நாம் மறுக்கவில்லை, உரிமையாகக் கேட்கிறோம். கோவில்பட்டி போன்ற ஊர்களின் அரசுக் கல்லூரிகளில் ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் படத்தொகுப்பும் கற்றுக்கொடு. படிக்கும் காலத்துக்கு உதவித்தொகை கொடு. அரசு மானியம் வாங்கும் படம் எந்த ஊரில் எடுக்கப்படுகிறதோ, அந்த ஊர்ப் பிள்ளைகளைப் பேட்டாவோடு பயிற்சிக்குச் சேர்த்து, டைட்டில் கார்டில் பெயர் போடச் சொல்.

அதுவரை எங்களுக்குக் கொடுக்கும் பணத்துக்கு முன்னால் ‘பயிற்சி’ என்று வேலி போடாதே. பயிற்சி முதலில் தேவைப்படுவது, சக மனிதனைச் சமமாக நினைக்கக் கற்றுக்கொள்ளாதவர்களுக்கு. அதற்கு மூன்று மாதம் போதுமா என்பதுதான் சந்தேகம்.