படமும் நிரலும்

சாதாரண தரப் பரீட்சைக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் எங்கள் ஹெந்தளைப் பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பிகளைப் புரட்டினால், பாய்ச்சற்கோட்டுப் படங்களின் சாய்சதுரங்களும் இணைகரங்களும் அடிமட்டம் வைத்து வெகு நேர்த்தியாகக் கீறப்பட்டிருக்கக் காணலாம். ஆயினும் அவற்றுட் பெரும்பாலானவை, செய்நிரலை எழுதி, அதை இயக்கி, விடை சரியென்று கண்ட பின்னர்ப் புள்ளிக்காகக் கீறப்பட்டவை என்பதே என் சந்தேகம். 1947ஆம் ஆண்டில் கணினி முன்னோடிகளான கோல்ட்ஸ்டைனும் வொன் நொய்மனும் இத்தகைய படங்களைத் தம் அறிக்கையிலே விவரித்தபோது, நிரல் எழுதுமுன் சிந்தையைச் சீர்ப்படுத்தும் சாதனமாகவே அவற்றைக் கருதினர். படத்தை முதலிற் கீறினாலும், எழுதிய நிரல் பின்னர் திருத்தப்படும். படத்தைத் திருத்த எவருக்கும் பொறுமையிராது. சில மாதங்களில் இரண்டும் வெவ்வேறு கதை சொல்லத் தொடங்கிவிடும்.

இச்சங்கடத்துக்குப் பரிகாரம் தேடிய நிரலாக்க மொழியொன்று கொழும்பிலேயே பிறந்ததை நம்மிற் பலர் அறியார். சஞ்சீவ வீரவரண முதலியோர் 2005இல் ஸ்தாபித்த டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம் 2017இல் வெளியிட்ட 'பலரீனா'வில், எழுத்தும் படமும் ஒரே நிரலின் இரு தோற்றங்களாம்: நிரல் தொடர்புகொள்ளும் ஒவ்வொரு வெளிச்சேவைக்கும் ஒரு செங்குத்துக் கோடும், இடையே செல்லும் செய்திக்கு ஓர் அம்புமாகக் கணினியே படத்தைக் கீறித் தருகிறது, நிரலை மாற்றினால் படமும் உடன் மாறுகிறது. 'ஹாஷ்' குறியோடு தொடங்கும் விளக்க வரிகளையும் ஒரே கட்டளையில் திரட்டி ஆவணப் பக்கங்களாக்கிவிடலாம். ஸ்தாபனங்களின் கணினிச் சேவைகளை இணைப்பதற்கென வகுக்கப்பட்டதேயன்றி இது பாலபாடமன்று. எனினும், தான் எழுதியது என்ன செய்கிறதென்பதை உடனுக்குடன் கண்ணாற் காணும் பாக்கியம் ஆரம்ப மாணவருக்கே அதிகம் பயன்படும்.

அந்த விளக்க வரியில் எதை எழுதுவது என்பதிலேதான் கணினி கைவிட்டுவிடுகிறது. சந்திக் கடையொன்றுக்குப் பில் போடும் நிரலை ஒரு மாணவி எழுதுகிறாளென வைத்துக்கொள்வோம். மொத்தத்தை முழு ரூபாவாக்கும் படியைப் படம் காட்டும். சதக் குற்றிகள் கடைகளில் புழக்கமற்றுப் போனமையால் அவ்வாறு செய்தாளென்பதை அவளே எழுதினாலன்றி எவரும் அறிய வழியில்லை. நம் பிள்ளைகளோ 'இங்கே இரண்டையும் கூட்டுகிறோம்' என்று, நிரலே சொல்வதைத் திரும்பச் சொல்லி வரிகளை நிரப்புகிறார்கள். ஆசிரியர்களும் அதற்குச் சரி போடுகிறார்கள். வினாத்தாள் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வருமாயின் (வரப்போவதில்லை), சாய்சதுரத்தின் நேர்த்திக்கு ஒரு புள்ளியும், சதத்தைப் பற்றிய அந்த ஒரு வரிக்கு நான்கு புள்ளியும் வைப்பேன்.