இணைநோய் என்னும் சாக்கு

2023ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் மேற்கு வங்கத்தில் அடினோ வைரஸ் பரவியபோது, கொல்கத்தா பி.சி.ராய் குழந்தைகள் மருத்துவமனையில் படுக்கைகள் நிரம்பி வழிந்தன. மார்ச் மாதம் சட்டமன்றத்தில் முதல்வர் மம்தா பானர்ஜி அளித்த கணக்கு 19 மரணங்கள். அவர்களில் 13 குழந்தைகளுக்கு இணைநோய் இருந்தது என்பது அவரது விளக்கம். உண்மையான எண்ணிக்கை இதைவிட அதிகம் என்ற குற்றச்சாட்டு இருக்கட்டும்; அரசின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். இணைநோய் என்று சொல்லிவிட்டால் பொறுப்பு தீர்ந்துவிடுமா?

சிசுவின் மூச்சுக்குழல் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் விட்டமே கொண்டது. சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினாலே காற்று செல்லும் பரப்பில் முக்கால் பங்கு அடைபட்டுவிடும். எனவேதான் பெரியவர்களுக்கு வெறும் சளியாகக் கழியும் வைரஸ் தொற்று, குழந்தைக்குச் சில மணி நேரத்தில் உயிராபத்தாகிறது. குரல்வளை வீங்கும் ‘குரூப்’ நோய்க்கு ஒரு வேளை டெக்சாமெதாசோன் பெரும்பாலும் போதும்; அது விலை மலிந்த மருந்து. அடினோ வைரஸுக்கோ குழந்தைகளுக்கான தடுப்பூசி இல்லை. அது நிமோனியாவாக முற்றினால் உயிரைக் காப்பவை ஆக்சிஜன், பயிற்சி பெற்ற செவிலியர், தாமதமின்மை ஆகிய மூன்றுமே.

இம்மூன்றும் கிடைக்க வேண்டிய இடம் குழந்தையின் வீட்டுக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனை. அங்கே அவை இல்லாததால்தான் மூச்சுத் திணறும் குழந்தையைத் தலைநகருக்கு ‘ரெஃபர்’ செய்கிறார்கள். இதயக் குறைபாடும் எடைக் குறைவும் உள்ள குழந்தைக்கே இந்தச் சிகிச்சை முதலில் தேவை. இணைநோய் அரசின் கடமையைக் கூட்டுகிறதே அன்றிக் குறைப்பதில்லை. ஊட்டச்சத்துக் குறைவோ, அரசே பதில் சொல்ல வேண்டிய நோய்.

இம்மரணங்களுக்காகத் திரிணாமுல் அரசைச் சாடிய பாஜகவுக்கும் அந்தத் தகுதி இல்லை. பொதுச் சுகாதாரச் செலவை 2025க்குள் உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்துவோம் என்று 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கையில் எழுதியது மோடி அரசுதான். கெடு முடிந்துவிட்டது, இலக்கு எட்டப்படவில்லை.

மாவட்டந்தோறும் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு, ஆரம்ப சுகாதார நிலையந்தோறும் ஆக்சிஜனும் ஆக்சிமீட்டரும், காலிப் பணியிடங்களில் நிரந்தர நியமனம் – இவை சலுகைகள் அல்ல, குழந்தைகளின் உரிமை. அடுத்த குளிர்காலத்துக்கு முன் இக்கோரிக்கைகளை மக்களிடையே கொண்டுசென்று போராட வேண்டியது நமது கடமை.