பெரியம்மா எங்கே பிழை விட்டா?

போன வருசம் பெரியம்மாவுக்கு ஒன்லைனில் ஒரு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தேன். அன்றைக்குத்தான் முடிவுத் திகதி. மூன்று பக்கம். விலாசம், பிறந்த திகதி, வங்கிக் கணக்கு இலக்கம் எல்லாம் அடித்து முடித்து அனுப்புகிற பட்டனை அமத்தினால், மேலே சிவப்பில் ஒரே ஒரு வரி: ‘தவறான உள்ளீடு’. எது தவறு என்று இல்லை. கீழே பார்த்தால் அடித்ததெல்லாம் அழிந்துபோய்க் கிடக்கிறது.

பெரியம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னா, “நான்தான் ஏதோ பிழையாச் சொல்லிப்போட்டன் போல, தம்பி.”

மூன்றாம் தரம்தான் பிடிபட்டது. அடையாள அட்டை இலக்கத்தின் கடைசியில் வருகிற ‘வீ’யை நான் சின்ன எழுத்தில் அடித்திருந்தேன். அவ்வளவுதான்.

நானும் வெப்சைட் செய்கிற ஆள்தான். சின்ன எழுத்தைப் பெரிய எழுத்தாக்க ஒரு வரி நிரல் போதும். இலக்கங்களுக்கு நடுவில் வந்த இடைவெளியை எடுக்க இன்னொரு வரி. கணினி தானே திருத்தக்கூடியதை மனிசரிடம் திருப்பி அனுப்பிவிட்டு, பழியையும் அவர்கள் தலையில் போடுகிறோம்.

சரிபார்ப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது கட்டாயம் வேண்டும். பிரவுசரில் செய்வதை யாரும் தாண்டிப் போகலாம் என்பதால் சேர்வரிலும் வேண்டும். ஆனால் யாரை மனதில் வைத்து விதி எழுதுகிறோம்? 2016 முதல் வந்த அடையாள அட்டைகளில் 12 இலக்கம். பழைய அட்டையில் 9 இலக்கமும் ஒரு எழுத்தும். ஒன்றை மட்டும் ஏற்கிற படிவம், மற்ற அட்டை வைத்திருக்கிற சனத்தை வெளியே நிற்கச் சொல்கிறது.

பெயரைப் பாருங்கோ. எங்களில் கனபேருக்குக் குடும்பப் பெயரே இல்லை. தகப்பன் பெயரின் முதலெழுத்தும் ஒரு புள்ளியும்தான். படிவமோ குடும்பப் பெயர் கட்டாயம் என்கிறது, புள்ளி கூடாது என்கிறது. தமிழில் எழுதினால் இன்னும் கூத்து. ‘எந்த மொழி எழுத்தும் சரி’ என்று நல்ல மனதோடு விதி எழுதுகிறவர்களும் இங்கே சறுக்குவார்கள். யுனிகோட்டில் ‘ன’ ஒரு எழுத்து; ஆனால் அதன் மேல் வருகிற புள்ளி எழுத்து வகையில் இல்லை, குறி வகையில் இருக்கிறது. கொம்பு, விசிறி, அரவு எல்லாம் அப்படித்தான். அதனால் ‘அமல’ உள்ளே போகும், ‘அமலன்’ போகாது. குறிகளையும் சேர்த்து அனுமதித்தால் பிரச்சினை முடிந்தது.

பிழை எந்தப் பெட்டியில், என்ன பிழை என்று எழுத்தில் சொல்ல வேண்டும் என்பது டபிள்யூ.சி.ஏ.ஜி. என்கிற சர்வதேச அணுகல் வழிகாட்டியின் ஆகக் குறைந்த மட்டத்து விதி. பெட்டியைச் சிவப்பாக்கினால் மட்டும் போதாது. எல்லாருக்கும் நிறம் தெரியாது. அதோடு, பிரவுசர் தானாகக் காட்டுகிற செய்தி பிரவுசரின் மொழியில்தான் வரும். பக்கம் முழுக்கத் தமிழில் இருந்தாலும் பிழைச் செய்தி மட்டும் ஆங்கிலத்தில் நிற்பது அதனால்தான். தமிழில் வேண்டுமென்றால் நாங்கள்தான் எழுத வேண்டும்.

எழுதுவது கஷ்டமும் இல்லை. பக்கத்தில் பெரியம்மா இருந்தால் எப்படிச் சொல்லுவோமோ அப்படி: ‘அடையாள அட்டை இலக்கத்தில் 12 இலக்கம் வரவேண்டும். நீங்கள் 11 அடித்திருக்கிறீர்கள்.’ மற்றப் பெட்டிகளில் அடித்ததை அப்படியே விட்டுவிட வேண்டும்.

வீட்டில் கணினி இல்லாத சனம் கொமினிகேசன் கடையில் காசு கொடுத்துத்தான் படிவம் நிரப்புகிறது. ‘தவறான உள்ளீடு’ என்று வந்தால் அடுத்த நாள் திரும்பவும் பஸ், திரும்பவும் காசு. முடிவுத் திகதி போய்விட்டால் அதுவும் இல்லை.

பெரியம்மாவின் விண்ணப்பம் அன்று இரவே போய்ச் சேர்ந்தது. ஆனால் பிழை தன்னில்தான் என்று அவ இன்னும் நம்புகிறா.