தயிர்முட்டியும் ஆய்வுகூடமும்

மட்டக்களப்பு என்றவுடன் வெளியூரார் நினைவில் முந்தி நிற்பன இரண்டு. ஒன்று, நிலாக்காலத்தில் கல்லடி வாவியிற் கேட்கும் மீன்பாட்டு. மற்றையது எருமைத் தயிர். பாடும் மீனைக் குறித்து உள்நாட்டாரும் பிறநாட்டாரும் எழுதியன பல. தயிரைக் குறித்து நாம் பேசுவனவெல்லாம் பெரும்பாலும் விருந்துண்டார் கூறும் புகழுரைகளே. அது எவ்வாறு உறைகின்றது, எதனால் மணக்கின்றது, எப்பொழுது தீங்கு செய்கின்றது என்னும் வினாக்களை இவ்விழா மலரில் எழுப்புதல் பொருத்தமற்றதன்று என எண்ணுகின்றோம்.

சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் ஷீலே 1780 ஆம் ஆண்டில் புளித்த பாலினின்றும் ஓர் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். இலற்றிக் அமிலம் என இன்று வழங்குவது அதுவே. பாலிலுள்ள வெல்லத்தை ஒருவகை நுண்ணுயிர்கள் உண்டு அவ்வமிலத்தை ஆக்க, பாலின் புரதம் திரண்டு கட்டியாகின்றது. எருமைப்பாலிற் கொழுப்பு நூற்றுக்கு ஏழு பங்களவு; பசுப்பாலில் நான்கு பங்களவே. புரதமும் எருமைப்பாலில் மிகுதி. கத்தியால் வெட்டியெடுக்கத்தக்க அக்கட்டித் தன்மைக்கு இவை காரணம். மண்முட்டியும் வெறுங்கொள்கலமன்று. அதன் நுண்டுளைகள் தயிரின் நீரை உறிஞ்சிப் புறத்தே ஆவியாக விடுகின்றன. அதனால் தயிர் இறுகுகின்றது, சிறிது குளிர்ச்சியும் பெறுகின்றது. புளிப்பு அமிலத்தின் வேலை, மணமோ வேறு. அந்நுண்ணுயிர்கள் உடன் உண்டாக்கும் அசற்றல்டிகைட்டு, டைஅசற்றைல் முதலியன மிகச் சிற்றளவினவாயினும் மூக்கு அவற்றைத் தவறாது அறியும். வெண்ணெய்க்கு வாசனை தருவதும் டைஅசற்றைலே.

காய்ச்சிய பாலைக் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, முன்னாள் தயிரிற் சிறிது உறையிடுதல் நம் பெண்மக்கள் வழிவழியாகக் கைக்கொண்ட முறை. கைபொறுக்கும் அச்சூடு 40 பாகை செல்சியசுக்கு அணித்தானது. அதனினும் மிக்க சூட்டில் உறையிட்டால் நல்ல நுண்ணுயிர்கள் மடியும். மிகக் குறைந்தால் வேண்டாதவை முந்திக்கொள்ளும். வெப்பமானி காணாத கை இத்துணை நுட்பமாக அளந்ததை வியவாதிருத்தல் இயலாது. ஆயின் கை அறியாதவையும் உள. முன்னாள் உறையோடு மதுவமும் பூஞ்சணமும் சேர்ந்து வரலாம். பழைய முட்டியைக் கழுவி மீண்டும் பயன்படுத்தினால், அதன் துளைகளில் எஞ்சிய பாலும் கிருமியும் புதுப்பாலிற் கலக்கும். எல்லாவற்றினும் கொடியது ஒன்று. புண்பட்ட கையினின்றும் பாலிற் சேரும் ஒருவகைக் கிருமி, வெயிலிற் பல நாழிகை பால் கிடக்குமாயின் பெருகி நஞ்சைக் கக்கும். பின்னர்க் காய்ச்சுதலாற் கிருமி சாகும்; நஞ்சு சாகாது. “நன்றாகக் காய்ச்சினோமே” என்னும் ஆறுதல் ஈண்டு உதவாது. கறந்த பாலை விரைந்து காய்ச்சுதல் அல்லது குளிரூட்டுதல் ஒன்றே வழி.

இவற்றையெல்லாம் ஆராய்தற்கு உரிய இடம் நம் அயலிலேயே உண்டு. 1981 ஆம் ஆண்டு வந்தாறுமூலையில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியபொழுது, விஞ்ஞானத்தோடு விவசாயமும் அதன் முதற்றுறைகளுள் ஒன்றாக இருந்தது. 1986 இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. விவசாய இரசாயனமும் விலங்கு விஞ்ஞானமும் ஆங்கே கற்பிக்கப்படுகின்றன. ஆண்டுதோறும் மாணவர் ஆய்வேடுகள் எழுதுகின்றனர். அவை ஆங்கிலத்தில் அமைவன. உலக அறிஞர் படித்தற்கு அஃது இன்றியமையாததே. ஆயினும் கிரானிலும் வாகரையிலும் பால் கறப்பவன் அவ்வேட்டைப் படிப்பதெங்ஙனம்? அவன் முட்டியில் ஆராய்ந்து கண்ட உண்மை அவன் முட்டிக்கே திரும்பாதொழிதல் முறையோ என்பதே எமது வழக்கு.

தமிழில் இவற்றைச் சொல்லல் அரிது என்பாரும் உளர். காரைதீவு தந்த விபுலானந்த அடிகள், துறவு பூணுமுன் விஞ்ஞானம் கற்பித்தவர். 1936 இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அவர் ஊரார் நாம் இதனைச் சொல்ல நாணவேண்டும்.

ஆராய்ச்சி ஊர்ப்பாலைத் தேடி வந்தால் யாது விளையும் என்பதற்குக் குசராத்து நாட்டு ஆனந்த் நகரம் சான்று. எருமைப்பாலைத் தூளாக்கல் இயலாது என்று மேனாட்டு வல்லுநர் கூறிவந்தனர். தலாயா என்னும் பொறியியலாளர் அதனைச் செய்து காட்ட, 1955 இல் ஆலையே எழுந்தது. 1950 இல் மைசூரில் நிறுவப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார், குழந்தைக்கு ஆகாதென விலக்கப்பட்ட அப்பாலிலிருந்தே குழந்தையுணவு ஆக்கும் முறையையும் வகுத்தனர். பசுப்பாலுக்கு மேனாட்டார் எழுதிய விதிகளை அப்படியே ஒப்பியிருந்தால் இவை நிகழ்ந்திரா.

இன்று கடைகளிற் பிளாத்திக்குக் கிண்ணத் தயிர் நிறைந்து வருகின்றது. அது தூயது, முட்டித் தயிர் அழுக்கு என்று ஒரு சாரார். பாட்டன் உண்டு நெடுநாள் வாழ்ந்தான், ஆராய்ச்சி எதற்கு என்று மறுசாரார். இருவரும் சோதனையின்றியே தீர்ப்புக் கூறுகின்றனர். நெடுநாள் வாழ்ந்த பாட்டனை நாம் நினைவு கூர்கின்றோம். வயிற்றோட்டத்தால் மடிந்த அவன் பிள்ளைகளை எண்ணியவர் யார்? அதுபோலவே, முட்டியைக் கைவிட்டால் அதன் கட்டியையும் மணத்தையும் கிண்ணம் தருமா என்பதையும் அளந்து காணவேண்டும். சுவையும் பாதுகாப்பும் பகையல்ல. நல்ல உறை நன்றாகப் புளித்தால், அவ்வமிலமே கெட்ட கிருமிகள் பலவற்றைப் பெருகவொட்டாது தடுக்கின்றது.

(மேய்ச்சற்றரையின்றிப் பால் இல்லை என்பதையும் மறத்தலாகாது. மயிலத்தமடு, மாதவனைத் தரைகளுக்காகப் பண்ணையாளர் 2023 இல் சித்தாண்டி வீதியோரத்தில் அமர்ந்தது எந்த ஆய்வுகூடமும் தீர்க்கக்கூடிய சிக்கலன்று.)

எமது வேண்டுகோள் சிறிது. நற்றயிர் தரும் பட்டிகளின் உறைகளைச் சேர்த்து ஆய்ந்து, சிறந்தவற்றைத் தூய வளர்ப்பாக்கிச் சிறு பொதிகளாக மலிவு விலையில் மீள வழங்குக. கறத்தல், காய்ச்சல், ஆற்றல், முட்டி ஆகியன பற்றி நான்கு பக்கத் தமிழ்ப் பிரசுரம் ஒன்று வெளியிடுக. எம் பழைய மாணவருள் இரசாயன ஆசிரியர் உளர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உளர், பட்டி வைத்திருப்பவரும் உளர். இம்மூவரும் வந்தாறுமூலை ஆசிரியர் ஒருவரோடு ஒரு மேசையில் அமர்ந்தால் அப்பிரசுரம் ஒரு திங்களில் முடியும். அச்சுச் செலவைச் சங்கம் ஏற்கலாம். விழாப் பந்தற் செலவினும் அது குறைவே.