ஊர் சுற்றியவர், வீடு மறவாதவர்

2023-ஆம் ஆண்டில் பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் பாடப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதியை என்.சி.இ.ஆர்.டி. எடுத்துவிட்டது. மாணவர்களின் சுமையைக் குறைக்கிறோம் என்றார்கள். விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கூட்டாகக் கையெழுத்திட்டுக் கண்டித்தார்கள். இது விஷயமாக ஒரு கிளைக் கூட்டத்தில் நான் பேசிக்கொண்டிருந்தபோது பெரியவர் ஒருவர் எழுந்தார். "எல்லாம் சரி தோழர், அந்த டார்வின் எப்படிப்பட்ட மனுஷர்? குடும்பம், பிள்ளைகுட்டி உண்டா?" என்றார். சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஆண்டவன் படைப்பை மறுத்தவன் வீட்டையும் நாசமாக்கியிருப்பான் என்று காதோடு காதாகப் பரப்புகிற பேர்வழிகள் ஊரூராய் இருக்கிறார்களே! கேள்வி நியாயமானதுதான்.

1809-ல் பிறந்த சார்லஸ் டார்வின் பாட்டாளி வர்க்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். தகப்பனார் வசதியுள்ள டாக்டர். பிழைப்புக்காக ஒருநாள்கூட வேலைக்குப் போகாத மனிதர். இதை மறைக்க வேண்டியதில்லை. 1831 டிசம்பர் 27-ல், 22 வயதில், தகப்பனார் பணத்தில் 'பீகிள்' கப்பலேறினார். பிரேசில், அர்ஜெண்டினா, சிலி, காலபகாஸ் தீவுகள், டஹிட்டி, நியூஜிலாந்து, ஆஸ்திரேலியா, மொரீஷியஸ், தென்னாப்பிரிக்கா என்று உலகைச் சுற்றி 1836 அக்டோபரில் திரும்பினார். கப்பல் ஆடினால் குடல் வெளியே வந்துவிடும் போலிருக்கும் அவருக்கு. ஐந்து வருஷமும் அந்த அவஸ்தைதான்.

பிரேசிலில் அவர் கண்டது அடிமை முறை. கப்பல் தலைவர் ஃபிட்ஸ்ராய் பிரபு வம்சத்தவர். ஒரு பெரிய அடிமை முதலாளி தம் அடிமைகளை வரிசையாக அழைத்து, "விடுதலை வேண்டுமா?" என்று கேட்டாராம், "வேண்டாம்" என்றார்களாம். அதைச் சொல்லி ஃபிட்ஸ்ராய் அடிமை முறையை மெச்சினார். எஜமான் முன்னால் நின்று சொல்லும் பதிலுக்கு என்ன மதிப்பு என்று டார்வின் திருப்பிக் கேட்டார். தலைவருக்கு வந்ததே கோபம்! இனி ஒன்றாகச் சாப்பிட முடியாது என்றார். சில மணி நேரம் கழித்து அவரே மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். நம் ஆலை வாசலில் முதலாளி பக்கத்தில் நிற்கும்போது "குறை ஒன்றுமில்லை" என்று தொழிலாளி சொல்வதை இன்றும் அறிக்கையில் எழுதிக்கொண்டு போகிறார்களே, அவர்கள் இந்தக் கதையைப் படிக்க வேண்டும்.

மொரீஷியஸில் அவர் நம் நாட்டவரையும் பார்த்தார். ஆயுள் முழுவதற்கும் நாடு கடத்தப்பட்ட இந்தியக் கைதிகள், சுமார் 800 பேர், அங்கே பொது மராமத்து வேலைகள் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய கம்பீரமான தோற்றத்தைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். இந்தியாவுக்கு அவர் வந்ததில்லை.

ஊர் திரும்பியவர் பிறகு வெளிநாடே போகவில்லை. 1838-ல், கலியாணம் செய்துகொள்வதா வேண்டாமா என்று ஒரு காகிதத்தில் லாப நஷ்டக் கணக்குப் போட்டார். புத்தகம் வாங்கப் பணம் குறையும் என்பது நஷ்டத்தில் ஒன்று. வீட்டில் நாய் வளர்ப்பதைவிட மனைவி மேல் என்பது லாபத்தில் ஒன்று! மறுவருஷம் ஜனவரியில் எம்மா வெட்ஜ்வுட்டை மணந்தார். 1842 முதல் கென்ட் பகுதியில் டவுன் என்ற கிராமத்தில் குடியிருந்தார்கள்.

எம்மா பக்தியுள்ளவர். கணவருடைய அவநம்பிக்கையால் மறுமையில் பிரிய நேருமோ என்று கலங்கிக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தை டார்வின் கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தார். அதன்மேல் பலமுறை அழுததாக அதிலேயே குறித்தும் வைத்தார். கருத்தை மாற்றிக்கொள்ளவுமில்லை, மனைவியை ஏளனம் செய்யவுமில்லை. 1844-ல் தம் சித்தாந்தத்தைச் சுருக்கி எழுதி முடித்ததும், தாம் திடீரென்று இறந்தால் 400 பவுன் செலவிட்டு அதை வெளியிடும்படி யாரைக் கேட்டுக்கொண்டார்? அதே எம்மாவைத்தான். தம் விசுவாசத்தையே அசைக்கக்கூடிய புத்தகத்தை அந்த அம்மாள் நிறைவேற்றுவார் என்ற நம்பிக்கை! வீட்டில் ஒரு பேச்சும் மேடையில் ஒரு பேச்சுமாக இருக்கிற நம்மில் சிலருக்கு (என்னையும் சேர்த்துத்தான்) இது உறைக்கும். மாதத்தில் இருபது நாள் வெளியூரில் கழிக்கிற முழுநேர ஊழியன் நான். என் மனைவியிடம் நான் இவ்வளவு விவரமாக எதையும் எழுதிக் கொடுத்ததில்லை.

பத்துக் குழந்தைகளில் மூன்று சிறு வயதிலேயே இறந்தன. மூத்த மகள் ஆனி 1851-ல், பத்து வயதில், மால்வெர்னில் சிகிச்சைக்குப் போன இடத்தில் இறந்தாள். கர்ப்பிணியான எம்மா ஊரில் இருக்க, தகப்பன் தனியாகப் படுக்கையருகே உட்கார்ந்து தினமும் நிலைமையை எழுதி அனுப்பினார். 1858 ஜூலை 1-ல், அவருடைய கட்டுரையும் வாலஸின் கட்டுரையும் லண்டனில் வாசிக்கப்பட்டபோது அவர் அங்கே இல்லை. மூன்று நாள் முன்புதான் கைக்குழந்தையை விஷக் காய்ச்சலில் பறிகொடுத்திருந்தார். வாலஸ் ஏழை. பூச்சி, பறவைகளைச் சேகரித்து விற்றுப் பிழைத்தவர். அவருக்கு 1881-ல் அரசாங்க உதவித்தொகை கிடைக்க முன்னின்றவர் டார்வின்.

வீடேதான் பரிசோதனைக்கூடம். மண்புழுவுக்குக் காது கேட்குமா என்று பார்க்க எம்மா பியானோ வாசித்தார், மகன் பிரான்சிஸ் ஊதுகுழல் ஊதினார். புழு அசையவில்லை. கலப்பை தோன்றுமுன்பே நிலத்தை உழுதவை மண்புழுக்கள்தாம் என்று 1881-ல் புத்தகம் எழுதினார். உழவர்களுக்குச் சொல்ல வேண்டிய விஷயம் இது. குறையும் உண்டு. பெண்ணின் அறிவு ஆணுக்குக் குறைந்தது என்று 1871-ல் வெளியான நூலில் எழுதினார். வேடிக்கை என்னவென்றால், அதே நூலின் அச்சுப்படிகளைத் திருத்திச் செப்பனிட்டவர் அவர் மகள் ஹென்ரியட்டா!

ஒரு தவறையும் திருத்திவிடுகிறேன். 'மூலதன'த்தை டார்வினுக்குச் சமர்ப்பிக்க மார்க்ஸ் விரும்பினார் என்று நம் மேடைகளிலேயே சொல்லுகிறோம். அது சரியல்ல. 1873-ல் மார்க்ஸ் ஒரு பிரதி அனுப்பினார், டார்வின் நன்றி எழுதினார். பிரதியின் பெரும்பாலான பக்கங்கள் பிரிக்கப்படவே இல்லை. சாகும் தறுவாயில் டார்வின் மதம் திரும்பினார் என்பதும் கட்டுக்கதை. 1915-ல் கிளம்பிய அதை ஹென்ரியட்டாவே மறுத்தார்.

1882 ஏப்ரல் 19-ல் வீட்டில் இறந்தார். கிராமத்து மண்ணில் புதைபட விரும்பியவரை வெஸ்ட்மின்ஸ்டர் மாதாகோவிலில் புதைத்தார்கள். எம்மா அந்த ஊர்வலத்துக்குப் போகவில்லை.

அந்தப் பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என் பேரன் பத்தாவது படிக்கிறான். புத்தகத்தில் இல்லையென்றால் நீங்களாவது வந்து சொல்லுங்கள்" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். பேரனுடன் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் திண்ணையில் காத்திருந்தார்கள். ஒருவன் கையில், டப்பாவில், ஈர மண்ணோடு மண்புழு.