ஆப் இல்லேன்னா ஆப்பு!

போன சனிக்கிழமை ஆபீஸ்ல ஆணி எதுவும் இல்லை. தங்கமணியும் பிள்ளைங்களும் அவங்க அம்மா வீட்டுக்குப் போயாச்சு. ஊர்லேர்ந்து சித்தப்பா வந்திருந்தார். "வாங்க சித்தப்பா, ராத்திரி மேட்ச் ஒண்ணு இருக்கு. லைட் வெளிச்சத்துல பார்த்துட்டு, வர்ற வழியில பரோட்டா சாப்டுட்டு வந்துடலாம்"னு கூப்பிட்டேன். அவ்ளோதான் பிளான். இதுக்குப் போய் ஒரு பதிவு எழுத வேண்டி வரும்னு சத்தியமா நினைக்கலை.

எந்த மைதானம், எந்தப் போட்டின்னு சொல்லப் போறதில்லை. உள்ளூர்ப் பசங்க ஆடுற இருபது ஓவர் மேட்ச். டிக்கெட் 200 ரூபாய். டிக்கெட் ஆப்ல மட்டும்தான். காலையிலேயே என் ஃபோன்ல ரெண்டு டிக்கெட் போட்டு வச்சாச்சு. ரெண்டு நிமிஷ வேலை. ஆஹா, உலகம் எவ்ளோ முன்னேறிடுச்சுன்னு எனக்கு நானே தோள்ல தட்டிக்கிட்டேன். (சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்கிறதுன்னா இதுதான் போல.)

சித்தப்பாவைப் பத்திக் கொஞ்சம் சொல்லிடறேன். 68 வயசு. கூட்டுறவு வங்கியில முப்பது வருஷம் காசாளரா இருந்து ரிட்டயர் ஆனவர். 1986 செப்டம்பர்ல சேப்பாக்கத்துல ஆஸ்திரேலியாவோட நடந்த டெஸ்ட், 348 அடிக்க வேண்டிய இடத்துல 347-ல ஆல் அவுட் ஆகி டை ஆச்சே, அந்தக் கடைசி நாள் ஸ்டாண்டுல உட்கார்ந்து பார்த்தவர். இன்னிக்கு வரைக்கும் டெஸ்ட் சரித்திரத்துலேயே டை ஆனது ரெண்டே ரெண்டு மேட்ச்தான். 1960-ல பிரிஸ்பேன், அப்புறம் இது. அந்த டிக்கெட்டை இன்னும் டிரங்க் பெட்டியில, ரேஷன் கார்டு பக்கத்துல வச்சிருக்கார். 1999 ஜனவரியில பாகிஸ்தான் டெஸ்டுக்கு என்னைக் கூட்டிட்டுப் போனவரும் அவர்தான். சச்சின் 136 அடிச்சு அவுட் ஆனப்போ ஸ்கோர் 254. அடுத்த நாலு ரன்னுல மிச்ச மூணு விக்கெட்டும் போய் 12 ரன்ல தோத்தோம். நான் அழுதுட்டிருந்தேன். ஸ்டேடியமே எழுந்து நின்னு பாகிஸ்தான் டீமுக்குக் கை தட்டிச்சு. "நல்லா ஆடினான்ல, தட்டுடா"ன்னு என் கையைப் பிடிச்சுத் தட்ட வச்சார். எனக்குக் கிரிக்கெட்னா அதுதான்.

அப்பேர்ப்பட்ட ஆளைத்தான் அன்னிக்குக் கேட்ல நிறுத்தி வச்சாங்க.

நடந்தது இதுதான். என் டிக்கெட்டைக் காட்டினேன், மெஷின் பச்சை காட்டிச்சு. ரெண்டாவது டிக்கெட்டைக் காட்டினா சிவப்பு. "சார், ஒரு ஃபோனுக்கு ஒரு டிக்கெட்தான். இன்னொண்ணை ஐயாவோட ஃபோனுக்கு டிரான்ஸ்ஃபர் பண்ணுங்க"ன்னான் கேட்ல நின்ன பையன். சித்தப்பா சட்டைப் பையிலேர்ந்து தன் ஃபோனை எடுத்துக் காட்டினார். பட்டன் ஃபோன். ரப்பர் பேண்ட் வேற போட்டிருக்கும்.

பையன் அந்த ஃபோனையும் என்னையும் மாத்தி மாத்திப் பார்த்தான். அவன் மேல தப்பு சொல்ல மாட்டேன். தினக்கூலிக்கு நிக்கிறவன். "ஹெல்ப் டெஸ்க் போங்க சார்"னான். போனேன். ஹெல்ப் டெஸ்க்குன்னா ஒரு மேஜை, மேஜை மேல ஒரு அட்டை, அட்டையில ஒரு க்யூஆர் கோடு. 'உதவிக்கு ஸ்கேன் செய்யவும்'. ஙே!

ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாலும் செல்லாதாம். சில நொடிக்கு ஒரு தடவை கோடு மாறிக்கிட்டே இருக்கும். சரி, வேற வழி பார்க்கலாம்னா நெட் சுத்திக்கிட்டே நிக்குது. மேல பார்த்தா சிக்னல் ஃபுல். அது ஏன்னு அப்புறமா படிச்சுப் பார்த்தேன். நாம பார்க்கிற கோடுகள் டவர்லேர்ந்து அலை எவ்ளோ பலமா வருதுங்கிறதைத்தான் சொல்லும், அந்த டவர்ல நமக்கு இடம் இருக்காங்கிறதைச் சொல்லாது. ஒரு டவரோட கொள்ளளவை அந்த வட்டாரத்துல இருக்கிற எல்லாரும் பங்கு போட்டுக்கணும். வழக்கமா சில நூறு பேர் இருக்கிற இடத்துல திடீர்னு சில ஆயிரம் பேர் வந்து, ஒரே நேரத்துல ஒரே ஆப்பைத் திறந்தா என்ன ஆகும்? கல்யாணப் பந்தி மாதிரிதான். மண்டபம் பெரிசா இருந்து என்ன, பரிமாறுறவர் ஒருத்தர்தானே. அதாவது கூட்டம் கூடினா நெட் படுத்துடும். ஆனா கூட்டம் கூடுற இடத்துலதான் நெட் இருந்தா மட்டுமே உள்ளே விடுவாங்களாம்!

பின்னாடி வரிசையில நின்ன ஒரு காலேஜ் பொண்ணுதான் கடைசியில காப்பாத்திச்சு. தன் ஃபோன்ல லாக் அவுட் பண்ணி, சித்தப்பா நம்பரைப் போட்டு, பட்டன் ஃபோனுக்கு வந்த ஓடிபியை அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு எண்ணா வாசிக்க, ரெண்டாவது தடவைதான் சரியாச்சு. நாங்க உள்ளே போறப்போ ஒன்பதாவது ஓவர் நடந்துட்டிருந்தது. நல்லா இரும்மா, நீ யாரோ எவரோ.

இதுக்கு நடுவுல சித்தப்பா ஒரு வார்த்தை சொன்னார். "நீ போய்ப் பார்த்துட்டு வாடா. நான் அந்த டீக்கடையில உட்கார்ந்திருக்கேன்." கோபமா சொல்லலை. வெட்கப்பட்டுச் சொன்னார். தப்பு பண்ணினவர் மாதிரி. எனக்குச் சுருக்குன்னு இருந்தது.

மக்களே, நான் ஆப்புக்கு எதிரி இல்லை. அன்னிக்கே எத்தனை ஆப் உதவிச்சுன்னு எண்ணிப் பாருங்க. வழி காட்டினது ஒண்ணு. கேலரியில சுண்டல் வாங்கினப்போ சில்லறைப் பிரச்சினை இல்லாம காசு கொடுத்தது ஒண்ணு. மழை வருமான்னு பார்த்தது ஒண்ணு. ராத்திரி பதினொண்ணரைக்கு ஆட்டோ கூப்பிட்டது ஒண்ணு. ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. சுண்டல்காரர் அட்டையையும் மாட்டியிருந்தார், சித்தப்பா நீட்டின இருபது ரூபாய் நோட்டையும் வாங்கிக்கிட்டார். 'ஆப் இருந்தா வசதி'ங்கிறது வேற. 'ஆப் இல்லேன்னா நீ ஆளே இல்லை'ங்கிறது வேற. முதல்ல சொன்னது சேவை. ரெண்டாவது ஆப்பு.

இதுக்கு நியாயம் சொல்ல ஒரு கோஷ்டி வரும். தெரியும். ஒவ்வொண்ணா வரட்டும்.

"இந்தக் காலத்துல யார்கிட்டப்பா ஸ்மார்ட்ஃபோன் இல்லை?" நம்ம ரிசர்வ் வங்கியையே கேளுங்க. 2022 மார்ச்ல பட்டன் ஃபோன்லேர்ந்து பணம் அனுப்பறதுக்குன்னே யூபிஐ 123பே-ன்னு ஒண்ணைத் தொடங்கினாங்க. நாட்டுல பட்டன் ஃபோன் வச்சிருக்கிறவங்க 40 கோடிக்கு மேலன்னு அப்போ அவங்களே சொன்னது. பணத்தையே பட்டன் ஃபோன்ல அனுப்ப வழி பண்ணிட்டான். 200 ரூபாய் டிக்கெட்டுக்கு வழி இல்லையாம்! அட, ஸ்மார்ட்ஃபோன் இருக்கிறவனுக்கு மட்டும் என்ன உத்தரவாதம்? சார்ஜ் போனா? கீழே விழுந்து கண்ணாடி உடைஞ்சா? பத்து வயசுப் பையனைக் கூட்டிட்டுப் போனா அவனுக்கும் ஒரு ஃபோன் வாங்கிக் கொடுக்கணுமா?

"காகித டிக்கெட்னா கள்ளச்சந்தை வரும்." இது கொஞ்சம் நியாயமான கேள்வி. ராத்திரி முழுக்க வரிசையில நின்னு, காலையில ஜன்னல் திறந்த அரை மணி நேரத்துல 'முடிஞ்சு போச்சு'ன்னு கேட்டவன் நான். ஆனா அது பத்து மடங்கு கூட்டம் அலைமோதுற மேட்ச். நாங்க போன மேட்சுல பாதி கேலரி காலி. காலி நாற்காலியை யார் பிளாக்குல விக்கப் போறான்? அப்படியே பயமா இருந்தா நம்ம ரயில்வேயைப் பாருங்க. 2002-லேர்ந்து இணையத்துல டிக்கெட் விக்கிறான். ஒரு பிஎன்ஆர்ல ஆறு பேர் போகலாம். அதுல ஒருத்தர் அடையாள அட்டை காட்டினா போதும், மிச்ச அஞ்சு பேரும் ஃபோனை ஆட்டிக் காட்ட வேண்டியதில்லை. ஸ்டேஷன்ல கவுண்டரும் இன்னும் இருக்கு.

"பெரிய கூட்டத்தைச் சமாளிக்க ஆப்தான் வழி." அப்படியா? 2023 உலகக் கோப்பைக்கு மின் டிக்கெட் கிடையாது, காகித டிக்கெட்தான்னு கிரிக்கெட் வாரியச் செயலாளரா இருந்த ஜெய் ஷாவே அறிவிச்சார். அந்த இறுதிப் போட்டி நடந்த அகமதாபாத் மைதானத்துல 1,32,000 பேர் உட்காரலாம். அங்கே காகிதம் செல்லும். சில ஆயிரம் பேர் வர்ற எங்க ஊர் மைதானத்துல செல்லாது. என்ன லாஜிக்கோ போங்க.

"ஆப்னா செலவு மிச்சம், அதனாலதான்." சரி, மிச்சமாகட்டும். சென்னை மெட்ரோவுல ஃபோன்ல டிக்கெட் எடுத்தா 20 சதவீதம் தள்ளுபடி. வாட்ஸ்அப்லகூட எடுக்கலாம். ஆனா ஃபோன் இல்லாதவர் கவுண்டருக்குப் போனா, அதே க்யூஆர் கோடைக் காகிதத்துல அச்சடிச்சுக் கையில கொடுப்பான். அதே கேட்டு, அதே மெஷின், அதே பீப் சத்தம். ஆப்ல வர்றவனுக்குச் சலுகை கொடு, வேண்டாம்னு சொல்லலை. ஜன்னலுக்கு வர்றவன் மூஞ்சியில கதவைச் சாத்தாதே.

அப்போ உண்மையான காரணம் என்ன? எனக்குத் தோணறதைச் சொல்றேன். காகித டிக்கெட் வாங்கினவன் யாருன்னு விக்கிறவனுக்குத் தெரியாது. ஆப்ல வாங்கினா பேரு, நம்பரு, பிறந்த தேதி, எங்கேர்ந்து வர்றான் எல்லாம் தெரியும். அந்த ஆப் என்கிட்ட 'உங்க தொடர்பு எண்களைப் பார்க்கலாமா'ன்னு கேட்டுச்சு. மேட்ச் பார்க்க எங்க அத்தை நம்பர் எதுக்குடா உனக்கு? இதுக்குத்தான் 2023-ல தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2025 நவம்பர்ல விதிகளும் வந்தது. வேலைக்கு எது தேவையோ அதுக்கு மட்டும்தான் சம்மதம் செல்லும்னு சட்டத்துலேயே இருக்கு. மருத்துவ ஆலோசனை ஆப் ஒண்ணு தொடர்பு எண்களைக் கேட்டா அது தேவையில்லாததுன்னு உதாரணமே கொடுத்திருக்காங்க. டாக்டருக்கே தேவையில்லாத நம்பர் டிக்கெட் கிழிக்கிறவனுக்கு எதுக்கு? ஒரு டிக்கெட்டுக்கு ஒரு ஃபோன்னு கட்டாயப்படுத்தறதும் இதே கணக்குதானோன்னு எனக்குச் சந்தேகம். ரெண்டு டிக்கெட் வித்தா ரெண்டு நம்பர் வேணும். சித்தப்பா அவங்களுக்கு ரசிகர் இல்லை, கிடைக்காமப் போன ஒரு நம்பர்.

நான் கேக்கிறது பெரிசா ஒண்ணும் இல்லை. மூணே மூணு.

ஒண்ணு, வாசல்ல ஒரே ஒரு ஜன்னல். உள்ளே ஒரு மனுஷர், ஒரு சின்ன பிரிண்டர். இடம் இருந்தா காசை வாங்கிட்டு டிக்கெட்டை அச்சடிச்சுக் கொடுக்கட்டும்.

ரெண்டு, ஒருத்தர் ஃபோன்ல நாலு டிக்கெட் இருந்தா, சேர்ந்து வர்ற நாலு பேரையும் உள்ளே விடுங்க. குடும்பத்தோட வர்றவன் மேட்ச் பார்க்க வர்றான், ஃபோன் கண்காட்சிக்கு இல்லை.

மூணு, நெட் இல்லேன்னாலும் திறக்கிற மாதிரி டிக்கெட் கொடுங்க. ஆயிரக்கணக்குல ஆள் கூடுவாங்கன்னு டிக்கெட் வித்த உங்களுக்குத் தெரியாதா?

மேட்ச் என்னாச்சுன்னு கேப்பீங்க. சூப்பர் மேட்ச். இடது கை சுழல் போட்ட பொடியன் ஒருத்தன் மூணு விக்கெட் எடுத்தான். சித்தப்பா எல்லாத்தையும் மறந்துட்டு, "மணிக்கட்டைப் பார்டா, மணிக்கட்டைப் பாரு"ன்னு என் தொடையிலேயே அடிச்சார். எதிர் டீம் ஜெயிச்சப்போ எழுந்து நின்னு கை தட்டினார். பக்கத்துல இருந்த ரெண்டு பசங்க ஃபோன்லேர்ந்து தலையை எடுத்து அவரைப் பார்த்துட்டு அவங்களும் தட்டினாங்க.

வெளியே வந்து பரோட்டாக் கடையில உட்கார்ந்தப்போ, "நல்ல பையன்டா அந்தச் சுழல் பந்துக்காரன். டிக்கெட்டைக் கொடு, பத்திரமா வச்சுக்கறேன்"ன்னு கையை நீட்டினார். என்கிட்ட என்ன இருக்கு? ஃபோனைத் திறந்து பார்த்தேன். 'காலாவதியானது'ன்னு சாம்பல் நிறத்துல ஒரு கட்டம்.

அடுத்த வாரமும் ஒரு மேட்ச் இருக்கு, இருந்துட்டுப் போங்களேன்னேன். "வேண்டாம்டா, டிவியில பார்த்துக்கறேன். உனக்கும் சிரமம்"னார். முப்பது வருஷம் ஜன்னலுக்குப் பின்னாடி உட்கார்ந்து, கையெழுத்துப் போடத் தெரியாதவங்களுக்கும் கைநாட்டு வாங்கிப் பணம் எண்ணிக் கொடுத்த மனுஷர். அவருக்குன்னு திறக்க ஒரு ஜன்னல் இல்லை.

டிஸ்கி: "சித்தப்பாவுக்கு ஒரு ஸ்மார்ட்ஃபோன் வாங்கிக் கொடுத்தா முடிஞ்சுதே"ன்னு சொல்லப் போறவங்களுக்கு: வாங்கிக் கொடுக்கறேன்னு ரெண்டு வருஷமா கெஞ்சிட்டிருக்கேன். வேண்டாம்ங்கிறார். வேண்டாம்னு சொல்ற உரிமை அவருக்கு உண்டா இல்லையா, அதுதான் சாமி இந்தப் பதிவே :-)