பதிவு நமது, பூட்டு யாருடையது?

பிலடெல்பியாவில் மரியன் ஸ்டோக்ஸ் என்ற முன்னாள் நூலகர் 1979 முதல் 2012இல் தாம் மறையும்வரை தொலைக்காட்சிச் செய்திகளை இடையறாது பதிவு செய்துவந்தார். ஏறத்தாழ 70,000 வீடியோ நாடாக்கள்!

வீட்டில் பதிந்து பிறகு பார்ப்பது குற்றமன்று என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984இலேயே, பீட்டாமேக்ஸ் வழக்கில், தீர்ப்பளித்துவிட்டது. டிஜிட்டல் கேபிள் வந்தபின் கதை வேறு. பூட்டிய சேனலைக் கணினியில் பதியக் கேபிள்கார்டு வேண்டியிருந்தது. பதிந்தாலும், ‘ஒருமுறை நகல்’ என்ற குறி தாங்கிய நிகழ்ச்சி அந்தக் கணினியோடு பிணைந்துவிட்டது. கணினி பழுதானால் பதிவும் போயிற்று. அதைத் திறந்துகாட்டிய விண்டோஸ் மீடியா சென்டரோ 2015இல் வந்த விண்டோஸ் 10இல் இல்லை.

திருட்டு நகலைத் தடுக்கவே இந்தப் பூட்டு என்பர். தடுக்கட்டும். ஆனால் ஏடு பெயர்த்தெழுதியோரின் தயவால் பழநூல்களைப் பெற்றவர்கள் நாம். நகலெடுப்போர் அனைவரையும் திருடராய்க் காணும் ஏற்பாட்டை நம்மால் ஒப்ப முடியவில்லை. ஸ்டோக்ஸின் நாடாக்கள் இன்று இணைய ஆவணக் காப்பகத்திடம் உள்ளன. அவர் இத்தகைய கணினியில் பதிந்திருந்தால், அங்கே போய்ச் சேர்ந்திருப்பவை திறக்கவியலாத வன்தட்டுகளே.